கரும்புக்குள் இருக்கும் நாணல்

சர்க்கரை ஆலைகளில் இன்று அரைக்கப்படும் கரும்பு ஏறத்தாழ முழுவதும் கலப்பினமே ஆகும். பருத்த தண்டும் மிகுந்த இனிப்பும் கொண்ட சக்காரம் அஃபிசினாரம் என்னும் இனமும், ஆற்றங்கரைகளிலும் தரிசுகளிலும் தானாக வளரும் சக்காரம் ஸ்பான்டேனியம், அதாவது நாணல் என்னும் காட்டுப்புல்லும் அதில் சேர்ந்துள்ளன. முதலாவது, நியூகினித் தீவில் காட்டுக் கரும்பு ஒன்றிலிருந்து மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்தது என்று கருதப்படுகிறது. இரண்டாவது, ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை, சதுப்பிலும் வறட்சியிலும் குளிரிலும் தாக்குப்பிடித்துப் பரவியிருப்பது. நாணலின் மெலிந்த தண்டில் நார் மிகுதி, சர்க்கரை சொற்பம். அத்தகைய புல்லைத் தேடிப்பிடித்துக் கரும்போடு சேர்க்க வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்பதற்கான விடை, கரும்பு பயிரிடப்படும் முறையிலேயே அடங்கியிருக்கிறது.

உழவர் கரும்பை விதையிலிருந்து வளர்ப்பதில்லை. கணுவும் பருவும் உள்ள துண்டுகளாகத் தண்டை நறுக்கிக் கரணையாக நடுகின்றனர். அறுவடைக்குப் பின் அதே கட்டை மீண்டும் துளிர்த்து மறுதாம்புப் பயிராகிறது. இவ்வாறு பெருக்கப்படும் ஒரு ரகத்தின் எல்லாத் தூர்களும் மரபணு அளவில் ஒன்றே என்பதால், ஒரு மாவட்டம் முழுவதும் ஒரே ரகம் நின்றால், அங்கே நிற்பது உண்மையில் ஒரே செடியின் கோடிக்கணக்கான பிரதிகள்தாம். ஒரு நோய்க்கிருமி அவற்றுள் ஒன்றை வெல்லக் கற்றுக்கொண்டால் எல்லாவற்றையும் வென்றுவிடுகிறது. கரணை வழியாகவே அந்நோய் அடுத்த வயலுக்கும் சென்று சேர்கிறது.

இந்த ஆபத்து டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த ஜாவாவில் பெரிய அளவில் வெளிப்பட்டது. 1880களில் செரே என்னும் நோய் பரவி, அங்கு பரவலாகப் பயிரிடப்பட்ட கறுப்புச் செரிபான் கரும்பை எலுமிச்சைப் புல்லைப் போலக் குட்டையாக்கிப் புதராக்கியது. கரும்பு முளைக்கக்கூடிய விதையைத் தரும் என்பது அதே பத்தாண்டில்தான் ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலும் தனித்தனியே உறுதிசெய்யப்பட்டது. கரணை தாய்ச்செடியை அப்படியே திரும்பத் தர, விதையோ பெற்றோர் இருவரின் பண்புகளையும் கலைத்து அடுக்குவதால் ஒவ்வொரு நாற்றும் வேறொரு கரும்பாகிறது. எனவே பயிர் மேம்பாட்டுக்குத் தேவையான வேறுபாடு விதையில் மட்டுமே கிடைக்கிறது.

ஜாவாவில் நாணலுக்கும் கரும்புக்கும் இயற்கையாகவே கலப்பு ஏற்பட்டுக் காசூர் என்ற செடி உருவாகியிருந்தது. செரே நோய் அதைத் தொடவில்லை. ஆனால் ஆலைக்கு ஏற்ற இனிப்பு அதில் இல்லாததால், அதன் சந்ததியை மீண்டும் மீண்டும் இனிப்புக் கரும்போடு சேர்த்து, நாணலின் உறுதியைக் கைவிடாமல் அதன் நாரையும் மெலிவையும் மட்டும் படிப்படியாகக் கழித்தனர். இம்முறைக்கு மேன்மைப்படுத்தல் என்று பெயர்; இதை ஒழுங்குபடுத்தியவர் யெஸ்வீட் என்னும் டச்சுத் தாவரவியலாளர். இவ்வழியில் 1921இல் பிறந்த பி.ஓ.ஜே. 2878, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஜாவாவின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டு 'அதிசயக் கரும்பு' என்ற பட்டத்தையும் பெற்றது.

இந்தியாவின் நிலை வேறாக இருந்தது. கரும்புப் பரப்பில் பெரும்பகுதி இருந்த வட இந்தியாவில், குளிர்காலத்தைத் தாங்கும் மெலிந்த நாட்டுக் கரும்புகளே பயிராயின. மகசூல் குறைவாக இருந்தமையால் ஜாவாவிலிருந்து சர்க்கரை இறக்குமதியாகியது. வடக்கின் தட்பவெப்பத்தில் கரும்பு பூப்பதே அரிது. பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. ஏறத்தாழ 11 பாகை வடக்கு அகலாங்கில் இருக்கும் கோயம்புத்தூரிலோ பகலின் நீளமும் மிதமான இரவு வெப்பமும் பொருந்திவருவதால், அக்டோபர் தொடங்கிக் கரும்பு தாராளமாகப் பூக்கிறது. வடக்கின் வயலுக்கான ஆராய்ச்சி நிலையம் 1912இல் தெற்கே அமைந்ததற்கு இதுவே காரணம். அதன் முதல் வல்லுநரான சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பரும், அவருக்குத் துணையாக இருந்து பின்னர் பொறுப்பேற்ற டி. எஸ். வெங்கடராமனும், 'வெள்ளை' என்னும் பருத்த கரும்பைக் கோயம்புத்தூரில் வளர்ந்த நாணலோடு கலந்து கோ 205 என்னும் ரகத்தை உருவாக்கினர். 1918இல் வெளியாகிப் பஞ்சாபுக்குச் சென்ற இந்த ரகம், அங்கிருந்த உள்ளூர்க் கரும்பைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் மகசூல் தந்தது. ஜாவாவின் காசூர் தற்செயலாகப் பிறந்தது. கோ 205 திட்டமிட்டுப் பிறந்தது என்பதே அதன் சிறப்பு.

அதன் உயிரணுவைக் கூர்ந்து நோக்கினால் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. பொதுவாகத் தாயும் தந்தையும் தத்தம் குரோமோசோம்களில் பாதியையே சந்ததிக்கு அளிக்கின்றன. இனிப்புக் கரும்புக்கு 80 குரோமோசோம்கள். கோயம்புத்தூர் நாணலுக்கு 64. அவற்றின் பாதிகளான 40உம் 32உம் சேர்ந்து 72 வர வேண்டிய இடத்தில், கோ 205இல் இருப்பவை 112. நாணலின் மகரந்தத்தை ஏற்கும்போது இனிப்புக் கரும்பு தன் குரோமோசோம்களைப் பாதியாக்காமல் எண்பதையும் அப்படியே வழங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள். இதனால் முதல் தலைமுறையிலேயே கரும்பின் பங்கு ஓங்கிவிடுகிறது; மேன்மைப்படுத்தல் சில தலைமுறைகளிலேயே முடிந்துவிடுவதற்கு இந்த விதிவிலக்கு பெரிதும் உதவியது. இன்றைய ரகங்களில் குரோமோசோம்கள் நூறுக்கு மேல் உள்ளன. அவற்றுள் நாணலிலிருந்து வந்தவை பத்திலிருந்து இருபது விழுக்காடு வரைதான்.

இத்தகைய கணக்குகளைக் கோயம்புத்தூரில் ஆராய்ந்தவர்களுள் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாளும் ஒருவர். 1930களில் அங்கு பணியாற்றிய அவர், கரும்பை மக்காச்சோளம் போன்ற தொலைவான புல்லினங்களோடும் கலந்து, அச்சந்ததிகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்னும் ஆய்வாளருடன் இணைந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945இல் வெளியிட்டார். அவருடைய கலப்புகளிலிருந்து வயலுக்குச் சென்ற ரகங்களைத் தேடுவது அவரை அளக்கத் தவறான கோலைக் கையிலெடுப்பதாகும். புல்லினங்களுக்கு இடையிலான வேலி எவ்வளவு தாழ்வானது என்பதை அக்கலப்புகள் காட்டின.

கலப்புச் செய்யும் வேலை நுட்பமானது, அதே சமயம் எளிய கருவிகளால் நடப்பது. கரும்பின் பூங்கதிரில் ஆயிரக்கணக்கான நுண்பூக்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருப்பதால், ஒன்றொன்றாக ஆண்பகுதியை நீக்குவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகவே மகரந்தத்தை அயோடின் கரைசலில் இட்டுப் பார்க்கின்றனர்; வளமான மகரந்தம் கருநிறம் ஏற்கும். மகரந்த வளம் குன்றிய ரகத்தைத் தாயாகவும் நிறைந்த ரகத்தைத் தந்தையாகவும் கொண்டு, இரண்டின் பூங்கதிர்களையும் துணிக்கூண்டு ஒன்றுக்குள், தந்தையினுடையது மேலே இருக்குமாறு நிறுத்திவைத்தால் மகரந்தம் தானே கீழே உதிர்கிறது. பஞ்சு ஒட்டிய விதைகள் முதிர்ந்ததும் தொட்டிகளில் விதைக்கப்படுகின்றன. நாட்டின் பல மாநிலங்களைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தாரும் தங்களுக்கு வேண்டிய கலப்பைச் செய்யப் பூப்பருவத்தில் கோயம்புத்தூரின் தேசியக் கலப்புத் தோட்டத்துக்கு வருகின்றனர். ஆயிரக்கணக்கான நாற்றுகளிலிருந்து வடித்தெடுத்து, பல இடங்களில் நடவுப் பயிராகவும் மறுதாம்பாகவும் சோதித்து, ஒரு ரகத்தை வெளியிடப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன.

இவ்வளவு உழைப்பில் உருவான ரகமும் நிலையானதன்று. இந்தியக் கரும்பின் பெரும்பகையான செவ்வழுகல், தண்டின் உட்புறத்தைச் சிவக்கச் செய்து அழுக வைக்கும் ஒரு பூஞ்சையால் வருவது. கரணையாலும் பாசன நீராலும் பரவுவது. கடலூர் நிலையத்திலிருந்து வந்து தன் இனிப்பால் தமிழகத்தில் புகழ்பெற்ற கோசி 671, இந்நோய்க்கு இலக்காகி வயலைவிட்டு ஒதுங்கியது. அதனையும் கோ 62198ஐயும் கலந்து பெற்ற கோ 86032 இப்போது தென்மாநிலங்களில் முதன்மை ரகமாக உள்ளது. கர்னால் மையத்திலிருந்து 2009இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் சர்க்கரைக் கட்டுமானத்தை உயர்த்தி, அம்மாநிலக் கரும்புப் பரப்பின் மிகப் பெரும்பகுதிக்குப் பரவியது. அதையே தேடிவந்தது போல் செவ்வழுகல் பூஞ்சையின் புதிய இனம் ஒன்று எழ, ரகத்தை மாற்றுமாறு உழவர்களுக்கு அறிவுறுத்த வேண்டியதாயிற்று. ஜாவாவில் அதிசயம் எனப்பட்டதும் இங்கே வெற்றி எனப்பட்டதும் ஒரே நிகழ்வின் இரு பெயர்கள். நல்ல ரகம் எவ்வளவு விரைந்து பரவுகிறதோ, அவ்வளவு விரைந்து அது நோய்க்கான ஒற்றை இலக்காகிறது.

இதனினும் ஆழமான குறுகல் ஒன்று உண்டு. உலகெங்கும் ஆயிரக்கணக்கான ரகங்கள் வெளியாகியிருந்தாலும், அவற்றின் குலமுறையைப் பின்தொடர்ந்தால் சில இனிப்புக் கரும்புகளிலும் விரல்விட்டு எண்ணத்தக்க நாணல்களிலும் போய் முடிகிறது. மேலும், இனிப்புக் கரும்பே பெரும்பாலும் தாயாக இருந்ததால், தாய் வழியாக மட்டும் வரும் உயிரணுத் திரவத்தின் மரபும் எங்கும் ஒரே வகையாகிவிட்டது. 1970இல் அமெரிக்க மக்காச்சோளத்தை இலைக்கருகல் நோய் சூறையாடியதற்கு இத்தகைய தாய்வழி ஒருமையே காரணமாக இருந்ததால், நாணலையே தாயாக வைத்துச் செய்யும் கலப்புகளுக்கும், எரியாந்தஸ் என்னும் வறட்சி தாங்கும் உறவினப் புல்லைச் சேர்க்கும் முயற்சிகளுக்கும் கோயம்புத்தூரில் இடம் அளிக்கப்பட்டுள்ளது.

அதற்கான மூலப்பொருளைக் காப்பது நெல், கோதுமை விதைகளைக் குளிரறையில் வைப்பது போன்றதன்று. கரும்பு விதை தாயின் பண்பை அப்படியே தராது என்பதால், ஒவ்வொரு மூலவகையையும் உயிருள்ள செடியாகவே வயலில் வளர்த்து, கரணை எடுத்து மீண்டும் மீண்டும் நட்டுக்கொண்டிருக்க வேண்டும். உலகத் தொகுப்புகள் எனப்படும் இரண்டில் ஒன்று அமெரிக்காவின் மியாமியிலும் மற்றொன்று கண்ணூரிலும் உள்ளன. வணிகக் கரும்பு விளையும் பகுதிகளிலிருந்து விலகியிருப்பதால் நோய் தொற்றும் வாய்ப்பு குறைவு என்பதே கண்ணூர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம். 2018இல் நாணலின் மரபணுத்தொகையும், 2024இல் ரீயூனியன் தீவைச் சேர்ந்த ஆர் 570 என்னும் கலப்பினக் கரும்பின் மரபணுத்தொகையும் வாசித்து வெளியிடப்பட்டுள்ளன. மனிதனுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிதான, ஒவ்வொரு மரபணுவுக்கும் பல பிரதிகள் கொண்ட அந்தத் தொகையில் எந்தத் துண்டு நாணலுடையது, எது கரும்புடையது என்று இப்போது பிரித்துக் காட்ட முடிகிறது. பழுப்புத் துரு நோயைத் தடுக்கும் மரபணுப் பகுதி எங்கே இருக்கிறது என்பதும் ஆர் 570இல்தான் துல்லியமாகத் தெரியவந்தது. ஒரு நாற்றில் அப்பகுதி இருக்கிறதா என்பதை, நோய் வரும் வரை காத்திராமல், இளம் இலையிலேயே சோதித்துவிடலாம்.