அம்பாசிடரின் கனத்த ஸ்டீயரிங்: கைக்கு அடக்கமான செலவில் ஒரு வைத்தியம்

பௌர்ணமி மாலையில் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் பக்கம் வேலூர் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பத்தடி நகர்ந்து, ஓரம் ஒதுங்கி, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி ஒடித்து நுழைக்க வேண்டும். புது கார்க்காரர் இதை ஒரே கையால் செய்துவிடுகிறார். பழைய அம்பாசிடர் வைத்திருப்பவருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். அப்பா காலத்து வண்டியை விற்க மனசில்லாமல், ஓட்டவும் தெம்பில்லாமல் ஷெட்டில் நிறுத்திவிட்டவர்கள் திருவண்ணாமலை வட்டாரத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பலரும் மெக்கானிக்கிடம் கேட்பது ஒன்றுதான்: இதில் பவர் ஸ்டீயரிங் மாட்ட முடியுமா?

முடியும். ஆனால் அதற்கு முன், ஸ்டீயரிங் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று பார்த்தாக வேண்டும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ அடியொற்றி 1950-களின் கடைசியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவாகத் தொடங்கி, 2014 வரை அங்கே தயாரான வண்டி இது. இதில் இருப்பது ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். அந்தக் காலத்துக்கு நல்ல அமைப்பு. பெரிய வளையம் கொடுத்திருப்பதே கைக்குப் பலம் கிடைக்கத்தான். புதுசில் இது மல்லுக்கட்ட வைத்த வண்டி அல்ல. நாற்பது வருஷத்து அழுக்கும் காய்ந்த கிரீஸும் அகலமான டயரும் சேர்ந்துதான் அதை அப்படி ஆக்கியிருக்கின்றன.

சோதித்துப் பார்க்கப் பெரிய பட்டறை வேண்டாம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, இரண்டு சக்கரமும் தரையில் படாதபடி நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் டை ராடு எண்டைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கை மட்டும் சுற்றுங்கள். இரண்டு விரலுக்கே சுற்றினால் ரேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் சக்கரத்தைக் கையால் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். அது முரண்டு பிடித்தால் நோய் அங்கேதான் இருக்கிறது: சக்கரம் திரும்பும் பின்களில் கிரீஸ் மெழுகாக இறுகிப் போயிருக்கும். நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்து, சக்கரம் தொங்கிய நிலையிலேயே கிரீஸ் கன்னால் அடிக்க வேண்டும். கறுப்புக் கிரீஸ் வழிந்து, பின்னாலேயே புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை விடக் கூடாது. ரேக்கில் ஒரு விஷயம் கவனம். இந்த வகை பிரிட்டிஷ் ரேக்குக்குள் போக வேண்டியது கியர் ஆயில். நிப்பிளைக் கண்டதும் அதிலும் கிரீஸைத் திணித்துவிடுகிற பழக்கம் பட்டறைகளில் உண்டு. உள்ளே கிரீஸ் இறுகினால் ரேக்கே கனக்கும்.

அதோடு டயர் காற்று, வீல் அலைன்மென்ட், டயர் அளவு. இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 5.90-15 என்கிற ஒல்லியான டயர். பார்வைக்காக அகல ரேடியல் போட்டுவிட்டு, நின்ற இடத்தில் ஒடிக்க முடியவில்லை என்று புலம்புவதில் நியாயமில்லை. இத்தனையும் சரிசெய்ய ஆகிற செலவு, பவர் ஸ்டீயரிங் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

மீதிப் பாதிக்கு? வயது, மூட்டு வலி, முன்பக்கம் பாரம் கூடிய டீசல் இன்ஜின் என்று நியாயமான காரணங்கள் உண்டு. 1951-ல் கிறைஸ்லர் கார்களில் விற்பனைக்கு வந்த ஹைட்ராலிக் முறைக்குப் பம்பு, பெல்ட், ஆயில் ஹோஸ் எல்லாம் வேண்டும். கடைசிக் கால அம்பாசிடர்களில் சிலவற்றுக்கு இந்த வசதி இருந்தது. ஆனால் பழைய 1489 சிசி இன்ஜினில் பம்பு மாட்ட இடம் செய்வதே தனி வேலை. சிக்கனம் பார்ப்பவருக்கு ஏற்றது மின்சார பவர் ஸ்டீயரிங்தான். 1988-ல் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில் வந்த தொழில்நுட்பம் அது. பின்னாளில் நம் ஊர் மாருதிகளிலும் பரவியது. உடைப்புக்கு வந்த மாருதியின் ஸ்டீயரிங் ராடு, மோட்டார், கண்ட்ரோல் யூனிட், ஒயரிங் நான்கையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். ஒயரை வெட்டி எடுத்த செட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இது வேலை செய்கிற விதம் எளிது. ராடு நடுவில் மெல்லிய முறுக்குக் கம்பி இருக்கிறது. நாம் திருப்பும்போது அது எவ்வளவு முறுகுகிறது என்று சென்சார் அளக்க, அதற்கேற்ப மோட்டார் கைகொடுக்கிறது. வண்டி வேகம் கூடக்கூட உதவி குறைய வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அம்பாசிடரின் ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடுவதால் கண்ட்ரோல் யூனிட்டுக்கு வேகம் தெரியாது. சில யூனிட்கள் உதவியை நிறுத்திவிடும். சில, எந்த வேகத்திலும் ஒரே அளவில் உதவும். பார்க்கிங்கில் சுகமாக இருக்கும் அந்த லேசு, நெடுஞ்சாலையில் 80-ல் போகும்போது உயிருக்கு ஆபத்து. கேபிள் சுழற்சியிலிருந்து சிக்னல் எடுக்கிற சென்சார் ஒன்றைப் பொருத்துவதில் கஞ்சத்தனம் கூடாது.

அடுத்த தடை கியர். பழைய அம்பாசிடரில் கியர் லீவர் ஸ்டீயரிங்கை ஒட்டியே இருக்கிறது. மோட்டார் உட்காரும் இடமும் அதுதான். இசுசு இன்ஜினோடு கீழே ஃப்ளோர் கியர் வந்த வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. மற்றவற்றில் கியர் ராடு முழு வீச்சும் இடிக்காமல் அசைகிறதா என்று அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்த பிறகே பிராக்கெட் செய்ய வேண்டும்.

மின்சாரமும் பார்க்க வேண்டியது. பழைய டைனமோ முழுமூச்சாக ஓடினாலும் 20 ஆம்பியர் சொச்சம்தான் தரும். ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மோட்டாரோ நின்ற இடத்தில் முழுக்க ஒடிக்கும்போது 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே ஆல்டர்னேட்டர் கட்டாயம். பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ஃபியூஸ்.

காசு மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு: மாருதி ராடை அம்பாசிடரின் ஸ்டீயரிங்கோடு இணைக்கும் ஜாயின்ட். முனைக்கு முனை வைத்துப் பற்றவைத்த ஸ்டீயரிங் ராடில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். நல்ல லேத்தில் பல் வெட்டிய கப்ளிங் செய்து, போல்ட்டுப் போட்டு இறுக்க வேண்டும். கீழே இருக்கும் பழைய கப்ளிங்கையும் மாற்றுங்கள். மோட்டாரின் பலத்துக்காக அது செய்யப்படவில்லை.

சட்டம் இந்த வேலைக்கு அவ்வளவு தோழமையாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரத்திலிருந்து மாறும் மாற்றங்களைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதிகளின்படி ‘விஏ’ வரிசை எண் வாங்க நினைப்பவர்கள் அசல் நிலையைக் காப்பாற்றியாக வேண்டும். எனவே வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பாடியிலும் சேஸிஸிலும் புதுத் துளை போடாமல், இருக்கிற போல்ட் துளைகளிலேயே பிராக்கெட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ராடையும் கப்ளிங்கையும் காயலான் கடைக்குப் போடாமல் எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். எஃப்சி-க்குப் போகும்போது திருப்பி மாட்டச் சொன்னால், ஒரே நாளில் முடிகிற வேலையாக அது இருக்க வேண்டும்.