முறிவு நெரிவு வைத்தியமும் பதிவேடும்

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவத்தை நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என நான்கு கூறாக வகுத்தார். இந்நான்கனுள் எழுத்துக்கு இடமில்லை. வைத்தியரும் நோயாளியும் ஓரூரவராய், ஒருவர் குடும்பத்தை மற்றவர் தலைமுறை தலைமுறையாக அறிந்தவராய் வாழ்ந்த காலத்தில் அதற்குத் தேவையும் இருந்ததில்லை. இன்ன ஆண்டில் இன்னாருடைய வலக்கை ஒடிந்தது, அதனை இன்ன பரிகாரியார் கட்டினார் என்பதை ஊரே நினைவில் வைத்திருந்தது. அந்நினைவு இன்று வன்னி நிலத்தில் எத்துணை எஞ்சியுள்ளது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் கிராமங்களிலே, மரத்தினின்று வழுக்கி விழுந்தவரும், உழவு இயந்திரம் புரண்டு கால் நசுங்கியவரும், துவிச்சக்கர வண்டியினின்று விழுந்து முழங்கை பிசகிய பிள்ளையும் பரம்பரை முறிவு நெரிவு வைத்தியரை நாடிச் செல்லல் இன்றும் உள்ள வழக்கமாகும். அவர் விரலாற் தடவி முறிவின் இடத்தை அறிவார், இழுத்துப் பொருத்துவார், நோவெண்ணெய் பூசிப் பத்துப் போடுவார், மட்டை வைத்துச் சீலையாற் சுற்றிக் கட்டுவார். கூலி என்று வாய்திறந்து கேளாது, வெற்றிலையில் வைத்ததைப் பெற்றுக்கொள்வாரும் உளர். இத்தகைய தொழிலுக்குச் சட்டம் எதற்கு, கொப்பி எதற்கு என்று வினவுவார் பலர்.

உலகின் பிற பாகங்களிலும் இவ்வினா எழுந்ததுண்டு. இங்கிலாந்திலே 18 ஆம் நூற்றாண்டில் சாரா மாப் என்னும் பெண் எலும்பு பொருத்துவதிற் பெரும் பெயர் பெற்றிருந்தாள். கற்ற வைத்தியர்கள் அத்தகையோரை எள்ளி நகையாடினர். ஆயின் 1867 இல் சேர் ஜேம்ஸ் பஜெற் என்னும் புகழ்பெற்ற சத்திரசிகிச்சையாளர், எலும்பு பொருத்துவோர் குணப்படுத்தும் நோய்களைப் பற்றியே ஒரு விரிவுரை நிகழ்த்தி, அவரிடத்து நல்லதைக் கற்றுத் தீயதை விலக்குக என மாணவர்க்கு எடுத்துரைத்தார். பகைவரிடத்தும் பாடங் கேட்கத் துணிந்த அவ்வுள்ளம் போற்றற்குரியது. பின்னர் 1895 இல் அமெரிக்காவின் டாவென்போர்ட் நகரிலே டானியேல் டேவிட் பாமர் என்பவர் முதுகெலும்பைக் கையாற் சீராக்கும் கைரோபிராக்டிக் முறையைத் தொடக்கினார். அதனைச் சட்டத்தால் ஏற்றுக்கொண்ட முதல் மாநிலம் கன்சாஸ், ஆண்டு 1913. இறுதியாக ஏற்றது லூசியானா, ஆண்டு 1974. ஒரே நாட்டினுள் இவ்விரண்டிற்குமிடையே 61 ஆண்டுகள் கழிந்தமை, கையாற் செய்யும் வைத்தியத்தை அரசுகள் எவ்வளவு தயக்கத்தோடு நோக்கின என்பதைப் புலப்படுத்தும்.

பிரித்தானியாவில் 1994 இல் இயற்றப்பட்ட சட்டம் இத்தொழிலுக்கென ஒரு பொதுச் சபையை நிறுவியது. அச்சபையிற் பதியாதவர் அப்பெயரைச் சூடிக்கொள்ளல் குற்றமாகும். பதிந்தவரும் தாம் விரும்பியவாறு தொழில் புரிதல் இயலாது. நோயாளி கூறியது, தாம் கண்டது, செய்தது, செய்யுமுன் விளக்கிப் பெற்ற உடன்பாடு ஆகியவற்றை அவ்வப்போதே தெளிவாக எழுதி வைத்தல் அவருக்குரிய கடமை. அங்குள்ள நெறிப்படி, நோயாளி இறுதியாக வந்த நாளிலிருந்து எட்டு ஆண்டுகள் அவ்வேடு காக்கப்படல் வேண்டும். நோயாளி சிறுபிள்ளையாயின் 25 வயது நிரம்பும் வரையிற் காக்கப்படல் வேண்டும். பிள்ளையின் எலும்பு வளரும் எலும்பு. அதன் வளர்முனையில் நேர்ந்த ஊறு, கை கோணுவதாலோ கால் குறுகுவதாலோ பல ஆண்டுகள் கழிந்தே வெளிப்படக்கூடும் என்பதை நினைப்பின் இந்நீட்சியின் பொருத்தம் விளங்கும்.

யப்பான் நாட்டு வழி வேறு. அங்கு யூடோ என்னும் மற்கலையோடு வளர்ந்த எலும்பு பொருத்தும் வைத்தியம் 1970 இல் தனிச் சட்டம் பெற்றது. அவ்வைத்தியர், உடனடி முதலுதவி ஒழிய, முறிவையும் மூட்டு விலகலையும் மேலைமருத்துவரின் உடன்பாடின்றித் தொடர்ந்து பரிகரித்தலாகாது. கடுமையான விதியே, எனினும் இருவகை வைத்தியரையும் ஒரு நோயாளியின் பொருட்டு ஒருவரோடொருவர் பேசவைக்கும் விதி அது.

இனி இலங்கையை நோக்குவோம். 1941 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுதேச வைத்தியக் கட்டளைச் சட்டமும், அதன்பின் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும் சுதேச வைத்தியருக்குப் பதிவு முறையை ஏற்படுத்தின. பின்னையதில் ஆயுர்வேதம் என்னும் சொல் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் அடக்கும். ஆயுர்வேத மருத்துவச் சபையின் பதிவேட்டில், கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றவர் மட்டுமன்றி, பரம்பரையாகக் கற்று அச்சபையின் சோதனைக்கு உட்பட்டவரும் இடம்பெறலாம். முறிவு நெரிவு, விஷகடி, கண்ணோய் முதலியன சிறப்புப் பிரிவுகளாகக் கொள்ளப்படுகின்றன. இந்தியாவிலோ, கேரளத்துப் பரம்பரை வைத்தியர் தொடுத்த வழக்கிலே, உரிய தகைமையும் பதிவும் இல்லாதார் வைத்தியம் செய்தல் ஆகாதென 2018 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரம்பரை அறிவுக்கு இலங்கைச் சட்டம் திறந்துவைத்த வாயில் அகலமானது என்பதில் ஐயமில்லை. பதிவு பெற்ற வைத்தியர் வழங்கும் சான்றிதழை அரசாங்க அலுவலகங்கள் ஏற்பதும் அப்பதிவின் பயனேயாம். இதனை ஆசிரியர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை!

ஆயினும், பதிவேடு என்னும் ஒரு சொல் இரு வேறு பொருள்களைக் குறிக்கும். ஒன்று வைத்தியரின் பெயரைத் தாங்கிய ஏடு. மற்றொன்று நோயாளியின் கதையைத் தாங்கிய ஏடு. முன்னையதனால் வைத்தியர் யார் என்பது புலனாகும். அவர் ஒரு குறித்த நாளில் ஒரு குறித்த கைக்கு யாது செய்தார் என்பதைப் பின்னையதே கூறும். தமிழர் முதுசொத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் போன்ற வாகடங்கள் உள. குடும்பங்களிற் காக்கப்பட்ட ஓலைச்சுவடிகளும் உள. அவை யாவும் எந்நோய்க்கு எம்மருந்து என்று கூறுவன. யாருக்குக் கொடுத்தோம், குணம் யாது, குணமாகாதது எது என்று கூறும் ஏடு நம்மவரிடையே அரிதினும் அரிது. பிள்ளை பிறந்த நாழிகையை நுணுகிக் குறித்துச் சாதகம் எழுதுவிக்கும் சமுதாயம், அப்பிள்ளையின் கை ஒடிந்த நாளைக் குறித்து வையாமை வியப்பே.

வன்னியில் இக்குறை பெருங்குறையாயிற்று. 1995 இன் இறுதியில் யாழ்ப்பாணத்தினின்று பெருந்தொகையானோர் இந்நிலத்திற்கு இடம்பெயர்ந்து வந்தனர். 2008, 2009 ஆம் ஆண்டுகளின் போரிலே வன்னி மக்களே ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, முடிவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வவுனியா மாவட்டத்து முகாம்களை அடைந்தனர். மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேயே. இவ்வலைவிலே வைத்தியர் ஓரிடம், நோயாளி ஓரிடம், சாட்சியாய் நின்ற அயலார் பிறிதோரிடம் எனச் சிதறினர். ஊரின் நினைவு என்பது ஊர் இருக்கும் வரையிலேயே ஏடாகும். பழைய முறிவோடு வைத்தியசாலைக்குச் செல்லும் ஒருவரிடம், எப்பொழுது முறிந்தது, யார் பொருத்தினார், இடையில் மீண்டும் முறிந்ததா என வைத்தியர் கேட்குங்கால், எக்ஸ்ரே படம் எலும்பின் இன்றைய நிலையைக் காட்டுமேயன்றி அதன் வரலாற்றைக் கூறாது.

பதிவின் இன்றியமையாமைக்கு உடல்நூல் தரும் காரணம் இதனினும் வலியது. முறிந்த உறுப்பு கட்டிய பின்னரும் வீங்கும். கட்டு இறுக்கமாயின் உள்ளே அழுத்தம் மிகுந்து தசைக்குச் செல்லும் குருதி தடைப்படும். சில மணித்தியாலம் அந்நிலை நீடிப்பின் தசை இறந்து, கை கொக்கிபோல் மடங்கி நிலைத்துவிடும். சிலவேளை உறுப்பையே வெட்டி நீக்க நேரும். ஜேர்மனிய சத்திரசிகிச்சையாளர் ரிச்சார்ட் வொல்க்மன் 1881 இல் இதனை விளக்கினார். முழங்கைக்குச் சற்று மேலே முறிந்த சிறுபிள்ளைகளிடத்து இவ்வாபத்து மிகுதி. குறையவேண்டிய நோவு கூடுதல், விரலை நீட்டிப் பார்க்கப் பிள்ளை அலறுதல், விரல் வெளிறுதல், குளிர்தல், மரத்தல் என்பன அதன் குறிகள். மேலைமருத்துவர் போடும் சாந்துக் கட்டிலும் இஃது நேரும் என்பதை மறத்தலாகாது.

கட்டிய நேரம், கட்டுமுன் விரலின் நிறமும் உணர்ச்சியும், கட்டியபின் அவை, மீண்டும் பார்த்த நேரம் என நான்கு நிரல்கள் கொண்ட ஒரு கொப்பியைக் கருதுக. அந்நிரலை நிரப்புவதற்கு வைத்தியர் விரலைப் பார்த்தேயாகல் வேண்டும். எழுதும் பழக்கம் இவ்வாறு பார்க்கும் பழக்கத்தை வளர்க்கின்றது. எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்திருப்பின், அல்லது விரல் ஏற்கெனவே மரத்திருப்பின், தொடாது உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியதையும், அனுப்பிய நேரத்தையும் எழுதுதல் வேண்டும். பிழையாக எழுதியதை அழித்தல் தகாது. ஒரு கோட்டால் வெட்டி, அருகே திருத்தி ஒப்பமிடல் முறை.

எண்ணெயின் கைமுறை வெளிப்பட்டுவிடுமே என்பது சில வைத்தியரின் அச்சம். இன்ன எண்ணெய் என்று பெயர் குறித்தலே நோயாளியின் ஏட்டுக்குப் போதும். அது காய்ச்சும் முறையை எழுதுமாறு எவரும் கேளார். நோயாளியின் அந்தரங்கம் வேறு. தனியாள் தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் இயற்றப்பட்ட 9 ஆம் இலக்கச் சட்டம் உடல்நலச் செய்திகளைத் தனிக்கவனத்திற்குரியனவாகக் கொள்கின்றது. திண்ணையிற் கிடந்து வருவோர் போவோரெல்லாம் புரட்டும் கொப்பி அச்சட்டத்தின் உணர்வுக்கு ஒவ்வாது. பூட்டிய பெட்டகமே அதற்கிடம்.

வழக்கு நேருமாயின் ஏடு தமக்கு எதிராகுமோ என அஞ்சுவோரும் உளர். தொழில் நடைமுறையில் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு, அவர் இறந்தபின்னும் நீதிமன்றில் எடுத்துக்கொள்ளத்தக்கதென 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. செவ்வனே தொழில் செய்தவரின் மைந்தர்க்கு அவர் கொப்பியே வாய்பேசும் சாட்சி. ஏடில்லாதவிடத்து எஞ்சுவது, நோயாளியின் வாய்ச்சொல்லும் வைத்தியரின் மறுப்புமே.

எழுதும் மொழி தமிழாகலாமோ என்னும் ஐயத்திற்கு இடமேயில்லை. மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் கிறீன் 19 ஆம் நூற்றாண்டிலேயே மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் வெளிப்படுத்தினார். சத்திரசிகிச்சை முழுவதையும் தாங்கிய மொழிக்கு, ஒரு கை ஒடிந்த கதையைத் தாங்கல் பாரமன்று. 1984 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவம் பயில்வோர் நோயாளி விபரம் எழுதும் முறையை அறிவர். அவர்கள் பரம்பரை வைத்தியரின் திண்ணையில் ஒரு கிழமை அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுப்பின், எழுத்துப் பழக்கம் குறைந்த முதியவருக்கும் தொடக்கம் எளிதாகும். அவ்வாறு எழுதுவோர் கற்றுக்கொள்ளக்கூடியதும் சிறிதன்று.

ஏடு ஒன்றாயிருத்தல் வன்னிக்குப் போதாது. ஒரு பிரதி வைத்தியரிடமும் மறுபிரதி நோயாளியிடமும் இருத்தல் வேண்டும். அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக் கொப்பியை நோயாளியே கொண்டு திரிகின்றார். முறிவு வைத்தியரும் அதே கொப்பியின் அடுத்த பக்கத்தில் நாளிட்டு எழுதலாம். இடம்பெயர்ந்த நாட்களில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றைப் பொலித்தீன் பையிற் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் காத்த மக்கள் இவர்கள். அப்பையில் இன்னும் ஒரு கொப்பிக்கு இடமுண்டு.