சிறப்பு வகுப்பின் முதல் வாரம்

மும்பையில் மழைக்காலமும் பள்ளிக்காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே ஜூன் மாதத்தில் பிறக்கின்றன. புதுக் குடை, புதுப் பை, புதுக் காலணி என்று கடைத்தெருவெங்கும் பெற்றோர் கூட்டம். அக்கூட்டத்தில் ஒரு தாய் மட்டும் மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுந்தவளாய் நிற்கிறாள். அவள் குழந்தை செல்லவிருப்பது சிறப்புக் கல்வி வகுப்பு. அத்தகைய வகுப்பில் பல்லாண்டுகள் பணிபுரிந்த நாம், அத்தாயை மனத்திற்கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் நம் பள்ளியில் நேர்ந்த பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஏழு வயதுத் தமிழ்ச் சிறுவன் ஒருவன் பக்கத்து வகுப்பில் சேர்ந்தான். சில சொற்களே பேசுவான். வகுப்பாசிரியை மராத்தி மொழியினர், அன்பே உருவானவர். மூன்றாம் நாள் அவர் குறிப்பேட்டில் இரண்டு வரிகள் எழுதினார்: "பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. சிறுநீர் வருவதைச் சொல்லத் தெரியவில்லை." மறுநாள் தற்செயலாக நாம் அவ்வழியே சென்றோம். கதவருகே நின்ற சிறுவன் "மூச்சா, மூச்சா" என்று தவித்துக்கொண்டிருந்தான். மூன்று நாளும் அவன் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்; கேட்டவர்க்குத்தான் புரியவில்லை. பெயர் விஷயமும் அத்தகையதே. குடும்பப் பெயர் கேட்ட விண்ணப்பத்தில் தந்தையின் பெயரும் பிள்ளையின் பெயரும் இடம் மாறிவிட்டன. தந்தையின் பெயரால் அழைத்தால் பிள்ளை ஏன் திரும்பப் போகிறான்?

அவ்விரு வரிகளும் அன்றே அடிக்கப்பட்டன. எனினும் ஒருவரும் அவ்வழியே சென்றிராவிட்டால், அவை ஆண்டுதோறும் அவனுடைய கோப்போடு சென்று, அவனால் இயலாதவற்றின் பட்டியலில் நிலைத்திருக்கும் அன்றோ? முதல் வாரத்தின் அருமை இதில்தான் இருக்கிறது. அந்த வாரத்தில் பாடம் பெரிதன்று. குழந்தையைப் பள்ளி அறிவதும், பள்ளியைக் குழந்தை அறிவதுமே பெரிது.

வாரம் அமைவது எப்படி?

முதல் நாள் வகுப்பை இரண்டு மணி நேரத்தோடு முடித்துவிடுதல் நலம். பை மாட்டும் ஆணி, அமரும் இருக்கை, தட்டு வைக்கும் இடம் ஆகிய மூன்றிலும் குழந்தையின் நிழற்படத்தை ஒட்டிவைக்கிறோம். எழுத்தறியாத குழந்தையும் 'இது என் இடம்' என்று கண்டுகொள்கிறது.

இரண்டாம் நாள் படவரிசை. பிரார்த்தனை, விளையாட்டு, உணவு, வீடு என ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. முடிந்ததும் குழந்தையே அதைத் திருப்பிவைக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரை வருத்துவது வேலையன்று; அடுத்து என்ன வரும் என்று அறியாத கலக்கமே. அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் முதலியோர் 1972-இல் நிறுவிய 'டீச்' என்னும் திட்டம் இத்தகைய முறைகளை உலகறியச் செய்தது. இதற்கு வேண்டிய செலவோ கத்தரியும் பசையும் அட்டையுமே!

மூன்றாம் நாள் உணவும் கழிப்பறையும். யாருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்கிறோம். நான்காம் நாள் இரண்டே விதிகள்: தன் முறை வரும்வரை காத்திருத்தல், உதவி வேண்டின் கை நீட்டுதல் அல்லது அட்டை காட்டுதல். இவற்றை வாயால் சொன்னால் போதாது. செய்து காட்ட வேண்டும். ஐந்தாம் நாள் பெற்றோரை அமர்த்தி, கண்டவற்றைப் பேசுகிறோம். குழந்தைக்கு என்ன வரும் என்பதை முதலில் சொல்கிறோம். வராததைப் பின்னர்ச் சொல்கிறோம்.

வீட்டார் செய்யத்தக்கவை

பள்ளி திறக்குமுன் ஒரு தாள் எழுதித் தாருங்கள். வீட்டில் அழைக்கும் பெயர் எது? எந்த ஒலிக்கு அஞ்சுவான்? எதைத் தந்தால் அழுகை அடங்கும்? மருந்து, வலிப்பு, ஒவ்வாமை ஏதேனும் உண்டா? இவற்றோடு அவன் பேசும் தமிழ்ச் சொற்களையும் ஆசிரியர் அறிந்த எழுத்தில் எழுதிப் பொருளும் தாருங்கள். மம்மு, மூச்சா, போதும், வேண்டாம், வலிக்குது என்று பத்துச் சொற்கள் இருப்பினும் போதும். அப்பத்தும் அவனுடைய செல்வம்.

சிலர், "வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இந்தியோ ஆங்கிலமோ மட்டும் பேசுங்கள்" என்று அறிவுரை கூறுவர். பெற்றோரும் அஞ்சி இணங்கிவிடுவர். இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் டவுன் சின்ட்ரோமோ ஆட்டிசமோ உள்ள குழந்தையின் பேச்சு மேலும் பின்தங்கும் என்பதை ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. பாட்டியோடும் உடன்பிறந்தாரோடும் பேசும் மொழியைப் பறித்தால், குழந்தை தன் வீட்டிலேயே அயலானாகிவிடுவான்.

விடைபெறும்போது ஒளிந்து செல்லாதீர்கள். 'இதோ வந்துவிடுகிறேன்' என்று பொய்யும் சொல்லாதீர்கள். உணவுப் படத்தைக் காட்டி, "இது முடிந்ததும் அம்மா வருவேன், போய் வருகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி வந்தும் நில்லுங்கள். முதல் வாரத்தில் ஒரு நாள் தாமதித்தால், பல நாள் தேடிய நம்பிக்கை கரைந்துபோகும்.

ஊர் விட்டு வந்தோர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதெனச் சான்று பெற்ற குழந்தை, 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்க உரிமை உடையது. தனித்துவ அடையாள அட்டை நாடெங்கும் செல்லும். மாநிலம் மாறியதால் உரிமை மாறாது.

நாம் சொன்ன சிறுவன் இப்போது தன் பை மாட்டும் ஆணியைத் தானே காட்டுகிறான். அவனுடைய ஆசிரியையும் பத்துத் தமிழ்ச் சொற்கள் கற்றுக்கொண்டார். அவற்றுள் அவர் முதலில் கற்றது எது என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?