லேப்டாப்பைத் திறந்ததும் ஃப்ரீஸ் ஆகுதா? பவர் பட்டனை அமுக்கும் முன் இதைப் படிங்க!

மீட்டிங்குக்கு இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. லேப்டாப் மூடியைத் திறக்கிறீர்கள். ஸ்க்ரீன் வருகிறது, மவுஸ் நகர்கிறது. ஆனால் எந்த ஃபைலை க்ளிக் செய்தாலும் திறக்கவில்லை. பத்து செகண்ட், இருபது செகண்ட்... பொறுமை போய் பவர் பட்டனை நீளமாக அமுக்கிவிடுகிறோம்.

அந்த நேரத்தில் உள்ளே ஒரு மீட்புப் பணி நடந்துகொண்டிருக்கலாம். அதன் பெயர் 'கண்ட்ரோலர் ரீசெட்'. அது என்ன, ஏன் அவ்வளவு நேரம் எடுக்குது? பார்க்கலாம்.

எஸ்எஸ்டி ஏன் தூங்குது?

இன்றைய லேப்டாப்களில் இருக்கும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்குள் கண்ட்ரோலர் என்ற சிப் இருக்கிறது. டேட்டாவை எங்கே எழுதுவது, எங்கிருந்து எடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. முழு வேகத்தில் ஓடும்போது இது சில வாட் மின்சாரம் இழுக்கும். ஆழ்ந்த தூக்கத்தில் சில மில்லிவாட் போதும். பேட்டரி நாள் முழுக்க நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேப்டாப்பை மூடினால்தான் தூங்கும் என்றில்லை. நீங்கள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் இடைவெளியிலேயே எஸ்எஸ்டி தானாகக் குட்டித் தூக்கம் போடும். இந்த வசதிக்குப் பெயர் ஏபிஎஸ்டி. லினக்ஸில் இது 2017-ல் வெளியான 4.11 பதிப்பில் வந்தது.

தூங்குவதில் பிரச்னை இல்லை, சில நேரம் எழுந்திருக்காமல் போவதில்தான் சிக்கல். சில சாம்சங் எஸ்எஸ்டிகள் மிக ஆழமான தூக்க நிலைக்குப் போனதும் திடீரெனத் தொடர்பை இழந்தன. டெல் எக்ஸ்பிஎஸ் 15 9550, ப்ரிசிஷன் 5510 என்ற இரண்டு லேப்டாப் மாடல்களில் இது தெரியவந்தது. அதனால் அந்தக் கூட்டணிக்கு மட்டும் 'ஆழமான தூக்கம் வேண்டாம்' என்ற விதிவிலக்கை லினக்ஸ் டிரைவரில் எழுதினார்கள். அதாவது, எஸ்எஸ்டியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அது எந்த போர்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம்.

அந்த 30 செகண்டில் என்ன நடக்குது?

லினக்ஸ் கோட் எல்லோரும் படிக்கும்படி திறந்திருப்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அனுப்பிய கட்டளைக்குப் பதில் வருமா என்று டிரைவர் வழக்கமாக 30 செகண்ட் காத்திருக்கும். ஸ்க்ரீன் உறைந்த மாதிரி இருப்பது இந்த நேரத்தில்தான்.

பிறகு கண்ட்ரோலரின் நிலையைப் படித்துப் பார்க்கும். 32 பிட்டும் '1' என்று வந்தால், எதிர்முனையில் பதில் சொல்ல ஆளே இல்லை என்று அர்த்தம். உடனே ரீசெட்! கண்ட்ரோலர் உயிரோடு இருந்து ஒரு கட்டளை மட்டும் மாட்டிக்கொண்டிருந்தால், முதலில் 'அதை விட்டுடு' என்று சொல்லிப் பார்க்கும். இன்னொரு 30 செகண்ட் கழித்தும் பதில் இல்லையென்றால்தான் ரீசெட்.

ரீசெட்னா ஆஃப் பண்ணி ஆன் பண்றதுதானே?

அவ்வளவு சிம்பிள் இல்லை. ஹோட்டல் கிச்சனை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் மயங்கி விழுந்துவிட்டார், கையில் பத்து டோக்கன் இருக்கிறது. அவரை எழுப்பினால் மட்டும் போதாது, அந்தப் பத்து டோக்கனுக்கும் கணக்கு வேண்டும். டிரைவர் செய்வது இதைத்தான்:

* முதலில் புது ஆர்டர்களை வாசலிலேயே நிறுத்தும்.
* அடுத்து கண்ட்ரோலரை முழுசாக நிறுத்தும்.
* அதன் பிறகே பாதியில் நிற்கும் கட்டளைகளைத் திரும்ப வாங்கும்.
* கண்ட்ரோலரை மறுபடி எழுப்பி, கட்டளை வரிசைகளைப் புதிதாக அமைக்கும்.
* திரும்ப வாங்கியதை மீண்டும் அனுப்பும். ஒரே இடத்தில் ஒரே டேட்டாவை இரண்டு முறை எழுதினாலும் நஷ்டம் இல்லை.

இதில் இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறினால் விபரீதம். கண்ட்ரோலர் ராமில் நேரடியாக எழுதக்கூடியது. அதை நிறுத்தாமல் கட்டளையை ரத்து செய்தால், அதற்கென ஒதுக்கிய ராம் பகுதி வேறொரு ஆப்பின் கைக்குப் போய்விடலாம். தாமதமாக விழித்த கண்ட்ரோலர் பழைய டேட்டாவை அங்கே கொட்டிவிடும். எரர் மெசேஜே வராது. உங்கள் எக்ஸெல் ஷீட்டில் ஒரு எண் சத்தமில்லாமல் மாறியிருக்கலாம். க்ராஷை விட இது ஆபத்து.

ரீசெட் நடக்கும்போதே மூடினால்?

'தூங்கு' என்ற உத்தரவும் 'எழுந்திரு' என்ற முயற்சியும் மோதும் இடம் இது. கண்ட்ரோலர் வழக்கமான நிலைக்கு வரவில்லை என்றால், லினக்ஸ் டிரைவர் 'இப்போ பிஸி' என்று தூக்கத்துக்கு மறுப்பு சொல்லிவிடும். மூடியைத் திறந்த பிறகும் எஸ்எஸ்டியைப் பழைய மின் நிலைக்குத் திரும்பச் சொல்லும். அது முடியாவிட்டால் அங்கேயும் ரீசெட்தான் அடுத்த வழி.

உங்கள் போனிலும் இதே கதை உண்டு. யுஎஃப்எஸ் ஸ்டோரேஜுக்கும் 'ஹைபர்ன்8' என்ற தூக்க நிலை இருக்கிறது. அதிலிருந்து சரியாக வெளியே வராவிட்டால், டிரைவர் இணைப்பைப் புதிதாக அமைக்க முயலும்.

நீங்க என்ன செய்யலாம்?

* லேப்டாப் உறைந்தால் ஒன்றிரண்டு நிமிஷம் காத்திருங்கள். ரீசெட் வெற்றி பெற்றால் வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும்.
* விண்டோஸ் என்றால் ஈவென்ட் வியூவரில் '129' என்ற எண்ணைத் தேடுங்கள். ஸ்டோரேஜுக்கு ரீசெட் அனுப்பப்பட்டதன் பதிவு அது. லினக்ஸில் கெர்னல் லாக் பாருங்கள்.
* எஸ்எஸ்டி ஃபர்ம்வேர், பயாஸ் அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள்.
* லினக்ஸில் ஏபிஎஸ்டியை அணைத்தும் பார்க்கலாம். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அதுதான் விலை.

ரீசெட் எப்போதும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. தோற்றால் டிரைவர் அந்த எஸ்எஸ்டியையே முடக்கிவிடும். சேவ் ஆகாதது போனது போனதுதான். ஒரு முறை ரீசெட் நடந்து எல்லாம் சரியாகிவிட்டால் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அந்தப் பதிவு மறுபடி மறுபடி வந்தால், அன்றைக்கே பேக்கப் எடுத்துவிடுங்கள்!