ஓடுவது கால்கள்; வெல்வது எந்தக் கொடி?

புது தில்லி: பதக்க மேடையில் ஒரு வீரர் நிற்கும்போது ஏற்றப்பட வேண்டியது அவர் பிறந்த நாட்டின் கொடியா, அவருக்குக் குடியுரிமை அளித்த நாட்டின் கொடியா? இந்தியாவிலும் அவ்வப்போது எழும் இக்கேள்வியை உலகக் கிராஸ் கன்ட்ரி ஓட்டப் போட்டியைப் போல வெளிப்படையாக எழுப்பிய களங்கள் குறைவு. அதிலும், 2007-ம் ஆண்டு மார்ச் 24-ம் தேதி கென்யாவின் மொம்பாசா நகரில் நடந்த போட்டி தனித்து நினைவுகூரத் தக்கது.

செயற்கை ஓடுபாதையில் அல்லாமல் புல்வெளி, சேறு, மேடு பள்ளம் எனக் கிடைத்த நிலத்தில் ஓடுவதே கிராஸ் கன்ட்ரி. 1903-ல் பிரிட்டிஷ் தீவுகளைச் சேர்ந்த நான்கு அணிகளுடன் ஸ்காட்லாந்தில் தொடங்கிய சர்வதேசப் போட்டி, 1973 முதல் உலகத் தடகள அமைப்பின் பொறுப்பில் நடைபெற்று வருகிறது. வீரர்கள் எத்தனையாவது இடத்தில் வந்தார்கள் என்பதைக் கூட்டி, குறைந்த எண்ணிக்கை பெறும் அணிக்குக் கோப்பை வழங்கப்படுகிறது. ஆகவே ஒருவர் மட்டும் முந்துவது போதாது. பின்னால் வருபவரின் ஒவ்வோர் அடியும் நாட்டின் கணக்கில் சேரும்.

இந்தக் கணக்கில் கென்யாவை மிஞ்சியவர் நெடுங்காலம் இல்லை. ஆடவர் அணிப் பட்டத்தை 1986 முதல் 2003 வரை தொடர்ந்து 18 முறை அந்நாடே வென்றது. அத்தகைய நாட்டில், இந்தியப் பெருங்கடலோரத்தில் உள்ள கோல்ஃப் மைதானத்தில், சொந்த மக்கள் முன்னிலையில் போட்டி நடந்தபோது எதிர்பார்ப்புக்குக் கேட்கவா வேண்டும்!

வெயிலும் புழுக்கமும் முதலில் தீர்ப்பெழுதின. 2002 முதல் 2006 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து குறுகிய தூரம், நெடுந்தூரம் ஆகிய இரண்டிலும் வென்றிருந்த எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலே, 12 கி.மீ. ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் களைத்து விலகினார். அவரைப் போலவே வேறு பலராலும் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. தங்கம் எரித்ரியாவின் செர்செனாய் தடேசேவுக்குக் கிடைத்தது. எத்தியோப்பியாவிலிருந்து 1993-ல் பிரிந்து தனி நாடானது எரித்ரியா. 1998 முதல் 2000 வரை இரு நாடுகளும் எல்லைப் போரில் ஈடுபட்டன. அந்தப் பின்னணியில் தடேசேவின் வெற்றி வெறும் விளையாட்டுச் செய்தியாக நின்றுவிடவில்லை. ஆடவர் அணிப் பட்டம் மட்டும் கென்யாவிடமே தங்கியது.

பிறந்த மண்ணில் வேற்றுக்கொடி

மகளிர் 8 கி.மீ. ஓட்டத்தில் நிகழ்ந்ததோ மேலும் வியப்புக்குரியது. தங்கம் வென்ற லோர்னா கிப்லகாட் கென்யாவில் பிறந்தவர். ஈட்டென் என்ற மலையூரில் ஓட்டப் பயிற்சி முகாம் நிறுவியவர். ஆனால் 2003-ல் நெதர்லாந்துக் குடியுரிமை பெற்றிருந்த அவருக்காக மொம்பாசாவில் ஏற்றப்பட்டது அந்நாட்டின் கொடியே.

அன்றைய கென்ய அரசியல் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லை. மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்ற 2010-ம் ஆண்டின் புதிய அரசியல் சட்டம், பிறப்பால் கென்யரானவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றாலும் கென்யக் குடியுரிமையை இழக்க மாட்டார் எனத் திருத்தி எழுதியது.

குடியுரிமை மாற்றங்கள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. 2003-ல் ஸ்டீபன் செரோனோ என்ற கென்ய வீரர், சயீஃப் சயீத் ஷாஹீன் என்ற பெயரில் கத்தார் குடிமகனாகி, சில வாரங்களிலேயே அந்நாட்டுக்கு உலகப் பட்டம் வென்று கொடுத்தார். இத்தகைய மாற்றங்கள் பெருகவே, உலகத் தடகள அமைப்பு 2017-ல் அவற்றை நிறுத்தி வைத்தது. 2018-ல் மூன்றாண்டுக் காத்திருப்பு, குறைந்தபட்ச வயது உள்ளிட்ட நிபந்தனைகளுடன் மீண்டும் அனுமதித்தது.

இந்தியாவின் நிலை

நமது 1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு தெளிவானது: விரும்பி வேற்று நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். 2005 முதல் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டு இந்தியர் அட்டை, பெயரில் குடியுரிமை என்ற சொல்லைக் கொண்டிருந்தாலும், வாக்குரிமை தருவதில்லை. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களே நாட்டின் சார்பில் விளையாடலாம் என 2008-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. 2010-ல் தில்லி உயர் நீதிமன்றமும் அந்த முடிவை ஏற்றுக்கொண்டது.

தேசிய அணி உள்நாட்டு இளைஞர்களுக்கே உரியது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வெளியிலிருந்து வீரர்களை அழைத்து வருவது எளிது. மாவட்டந்தோறும் மைதானம் அமைப்பது கடினம். எளிய வழி திறந்தால் கடினமான கடமை மறக்கப்படும் என்ற அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. அதே சமயம், பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் பிள்ளைகள் இந்நாட்டுக்காக ஓட விரும்பினால் முற்றிலும் கதவடைப்பதும் சரியா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

கென்யா இதற்கான விடையை ஓர் அரசியல் சட்டத்தின் வழியே, மக்களிடம் கேட்டுத் தேடியது. இங்கோ விளையாட்டில் யார் இந்தியர் என்பதை ஓர் அமைச்சகத்தின் முடிவே வரையறுத்தது. மாற்றமே வேண்டாம் என்று தீர்மானித்தாலும்கூட, அதை விவாதித்துத் தீர்மானிக்க வேண்டிய இடம் நாடாளுமன்றமே.