வடமதுரைக்கு ஒரு பகல்

தில்லியில் குடியிருக்கும் நம்மவருள் மதுராவைக் கண்ணால் காணாதவர் இலர். அங்கே இறங்கியவரோ மிகச் சிலர். ஊருக்குப் புறப்படும் வண்டி அந்நிலையத்தைக் கடக்கும்போது நாம் மூட்டை முடிச்சுகளை இருக்கைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருப்போம். திரும்பி வரும்போதோ, "மதுரா வந்துவிட்டது, இனி இரண்டு மணி நேரந்தான்" என்று படுக்கையைச் சுருட்டத் தொடங்கிவிடுவோம். ஆழ்வார்கள் வடமதுரை என்று பாடிய பதி நமக்கு நேரம் பார்க்கும் கடிகாரமாக மட்டும் ஆகிவிட்டது. தொலைவென்று பார்த்தால் இரயில் வழியில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குப் போய்வருவது போலத்தான். காலையில் சென்று இரவில் வீடு திரும்பலாம்.

ஆயினும், போய்வந்தவர்களுள் பலர் மனக்குறையோடுதான் திரும்புகிறார்கள். அக்குறை எங்கிருந்து பிறக்கிறது என்பதை நான் அனுபவத்தில் அறிந்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் என் தாயார் எங்களுடன் தில்லியில் தங்கியிருந்தார். ஊர் திரும்ப இரண்டே நாட்கள் இருந்த நிலையில், "பிருந்தாவனத்தில் ஆண்டாள் கோயில் இருக்கிறதாமே, ஒரு தடவை சேவித்துவிட்டால் தேவலை" என்றார். உடனே வாடகை மோட்டார் ஒன்றை அமர்த்தினேன். அத்துடன் நின்றேனா? அவ்வளவு தூரம் போகிறோமே, குழந்தைகளுக்குத் தாஜ்மகாலையும் காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். காலையில் ஆக்ரா, திரும்பும் வழியில் பிருந்தாவனம். காகிதத்தில் அழகாகவே இருந்தது. பனிமூட்டத்தில் வண்டி ஊர்ந்து சென்றது. தாஜ்மகாலில் வரிசையில் நின்று மீண்டு பிருந்தாவனத்தை அடைந்தபோது மணி ஒன்றரை. கோயில் நடை சாத்தியாயிற்று. மாலையில்தான் திறப்பார்கள் என்றார்கள். மீண்டும் பனி இறங்குமுன் தில்லி சேர வேண்டும் என்று ஓட்டுநர் அவசரப்படுத்தினார். பட்டுப்புடவை உடுத்தி, கையில் துளசி மாலையோடு நின்ற என் தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஏண்டா, கதவைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மட்டும் கேட்டார். மாலையை வாயிற்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பினோம்.

ஆகவே முதற்கண் சொல்ல வேண்டியது இதுதான். அந்த ஊர்ப் பிரயாணத்தின் அட்டவணையை வகுப்பது இரயிலும் அன்று, மோட்டாரும் அன்று; கோயில்களின் நண்பகல் துயிலே. பிரஜ பூமியில் கண்ணன் குழந்தை. குழந்தைக்கு உணவூட்டி உறங்கவைக்கும் நேரத்தில் எவருக்காகவும் திரை விலகாது. பெரும்பாலான கோயில்கள் நண்பகலை ஒட்டி நடை சாத்திப் பிற்பகலிலோ மாலையிலோதான் திறக்கின்றன. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வேளைகள் மாறும். புறப்படுமுன் கேட்டறிந்துகொள்வது நலம். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே வரிசைப்படும். காலை வேளை பிருந்தாவனத்துக்கு, நடுப்பகல் நிழலுள்ள ஓரிடத்துக்கு, மாலை மதுராவுக்கு. ஆக்ராவை வேறொரு நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள். அந்நாள் வெள்ளிக்கிழமையாக இராதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று தாஜ்மகாலில் பார்வையாளர்க்கு அனுமதி இல்லை.

புது தில்லியிலிருந்து காலை 6 மணிக்குப் புறப்படும் போபால் சதாப்தி ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓடி மதுராவில் இறக்கிவிடுகிறது. கட்டணம் மிகுதி என்று எண்ணுவோர் தாஜ் எக்ஸ்பிரஸில் செல்லலாம். அது காலையில் தில்லியை விட்டு ஜான்சி வரை போய் அன்றே திரும்பி இரவில் தில்லியை அடைவது. போக்குக்கும் வரவுக்கும் ஒரே வண்டி உதவும். திரும்புவதற்கான சீட்டையும் சேர்த்தே முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். முதியோரை அழைத்துக்கொண்டு இரவில் முன்பதிவற்ற பெட்டியில் ஏறுவது எளிய காரியமன்று. சாலை வழியை விரும்புவோர்க்கு 2012-இல் திறக்கப்பட்ட யமுனை விரைவுச் சாலை இருக்கிறது. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் நீளும் அச்சாலையில் பிருந்தாவனத்துக்குப் பிரியும் வழி உண்டு.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மார்கழியிலேயே போக வேண்டும் என்ற ஆவல் இருக்கும். மார்கழிதான் வடநாட்டில் மூடுபனியின் மாதமும். வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும். விரைவுச் சாலையில் குளிர்காலத்துக்கென்று வேக வரம்பைக் குறைத்தும் விபத்துக்கள் நிகழ்கின்றன. மார்கழி வைகறையில் திருப்பாவை கேட்டே ஆக வேண்டும் என்போர் முதல் நாளே சென்று தங்குவதுதான் முறை. ஒரு பகல் பயணத்தில் அது கைகூடாது. மற்றவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் ஏற்றவை. மாசியும் நன்று, ஹோலிக் கூட்டம் தொடங்குமுன் போய்வந்துவிட்டால்.

மதுராவிலிருந்து பிருந்தாவனம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நிலைய வாயிலில் வண்டி பிடித்து ரங்கநாதர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் ஓட்டுநர் சற்றே விழிப்பார். "ரங்ஜீ மந்திர்" என்றோ, "சோனே கா கம்பா" என்றோ சொன்னால் போதும். பொன்முலாம் பூசிய கொடிமரத்தால் அவ்வூரார் கோயிலை அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

இக்கோயிலின் வரலாறு நாம் ஒவ்வொருவரும் அறியத் தக்கது. மதுராவில் பெரும் செல்வராய் விளங்கிய லட்சுமிசந்த் சேட்டின் குடும்பம் சமண சமயத்தது. அவருடைய இளவல்களான ராதாகிருஷ்ணரும் கோவிந்ததாசரும் தென்னாட்டு வைணவ மரபைச் சேர்ந்த ரங்கதேசிக சுவாமியிடம் ஈடுபட்டு வைணவராயினர். அவர்கள் 1845-இல் தொடங்கி 1851-இல் முடித்த கோயில் இது. அந்நாளிலேயே 45 லட்சம் ரூபாய் செலவாயிற்று என்று மதுரா மாவட்ட ஆட்சியராக இருந்த கிரௌஸ் எழுதிவைத்திருக்கிறார். வெளி வாயில்கள் இராஜபுத்திரப் பாணியில் இருக்கும். அவற்றைக் கடந்து உள்ளே போனால் கோபுரம், திருக்குளம், மண்டபம், கொடிமரம் என்று நம் ஊர் எழுந்து நிற்கும். கருவறையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளவாறே ஆண்டாளும் ரங்கமன்னாரும் கருடாழ்வாரும் எழுந்தருளியிருக்கிறார்கள்.

இதில் ஒரு பொருத்தம் உண்டு. ஆண்டாள் திருப்பாவையின் ஐந்தாம் பாட்டிலேயே வடமதுரையைச் சொல்லிவிடுகிறாள். நாச்சியார் திருமொழியின் பன்னிரண்டாம் பதிகத்தில், தன்னை மதுரைக்கும் ஆயர்பாடிக்கும் யமுனைக் கரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி உற்றாரிடம் மன்றாடுகிறாள். பதினான்காம் பதிகம் முழுவதும் பிருந்தாவனத்தில் கண்ணனைக் கண்டோம் என்று சொல்லும் பாட்டுகளே. வில்லிபுத்தூர்ப் பெண் பாட்டில் கேட்ட ஊரில், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், வடநாட்டுச் செல்வர் இருவர் அவளுக்குக் கோயில் எடுத்திருக்கிறார்கள். எடுத்ததோடு நில்லாமல் பிரபந்த மரபும் தென்னாட்டு வழிபாட்டு முறையும் அங்கே தொடரவும் ஏற்பாடு செய்தார்கள்.

எதிர்ப்புறத்தில், சில நிமிட நடையில், கோவிந்ததேவர் கோயில். ஆம்பேர் அரசர் மான்சிங் 1590-இல் செந்நிறக் கல்லால் எடுப்பித்தது. ஔரங்கசீப் காலத்தில் மேல் நிலைகள் தகர்க்கப்பட்டன. மூல விக்கிரகம் பாதுகாப்புக்காகக் கொண்டுசெல்லப்பட்டு, முடிவில் ஜயப்பூரில் நிலைபெற்றது. எஞ்சியுள்ள மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பார்க்கையில் இழந்தது எவ்வளவு என்று தெரியும். அவசரமாகப் பிருந்தாவனம் போகிறவர்கள் இதனுள் நுழைவதே இல்லை. பெரிய பிழை என்பது என் எண்ணம்.

பாங்கே பிஹாரி கோயிலைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1864-இல் எழுந்த அக்கோயிலில் திரையை நொடிக்கொருதரம் இழுத்து மூடித் திறப்பார்கள். கண்ணனை இமையாது நோக்கினால் அவன் அன்பருடன் புறப்பட்டுப் போய்விடுவான் என்பது நம்பிக்கை. காண வேண்டிய காட்சிதான். ஆனால் சந்துகள் குறுகியவை, கூட்டமோ கடல். 2022-இல் ஜன்மாஷ்டமி இரவு நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். நெருக்கடியான நாட்களில் முதியோரையும் குழந்தைகளையும் நோயுற்றோரையும் அழைத்துவர வேண்டா என்று கோயிலாரே அறிவிக்கிறார்கள். ஞாயிறும் ஏகாதசியும் அல்லாத நாளில், உடல்வலி உள்ளோர் மட்டும் போய்வரலாம். மற்றவர் ரங்கநாதர் கோயில் மண்டபத்திலேயே அமர்ந்திருப்பது உத்தமம்.

குரங்குகளைச் சொல்லாமல் விடுவது துரோகமாகும். பிருந்தாவனத்துக் குரங்குக்குப் பழம் ஒரு பொருட்டன்று. அதற்கு மூக்குக் கண்ணாடி வேண்டும். பின்னாலிருந்து வந்து உருவிக்கொண்டு மதில்மேல் ஏறிவிடும். மாம்பழச்சாற்றுப் பொட்டலம் ஒன்றை எறிந்தால் கண்ணாடியைக் கீழே போடும். இந்தப் பண்டமாற்றுக்குத் தரகு பேசுவதற்கென்றே சிறுவர்களும் உண்டு. கண்ணாடி அணிந்தோர் தெருவில் அதனைக் கழற்றி மடியில் முடிந்துகொள்க. கைப்பேசியையும் வெளியே எடுத்துக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டா.

நடை சாத்தும் வேளையில் மதுராவுக்குத் திரும்பிவிடலாம். கட்டுச்சோறு கொண்டுபோயிருந்தால் வண்டிக்குள்ளேயே உண்டுவிடுங்கள். காரணம் மேலே சொன்னதே. பின்னர் அரசு அருங்காட்சியகம். மேற்படி கிரௌஸ் 1874-இல் தொடங்கியது. திங்கட்கிழமை விடுமுறை. குழந்தைகளுக்கு வெய்யிலினின்று விடுதலை. முதியோர்க்கு உட்கார இடம். குஷாணர் காலத்துப் புத்தர்களும் யட்சிகளும் வெண்புள்ளி தெளித்த செங்கல்லில் நிற்கிறார்கள். 1911-இல் யமுனைக்கு அக்கரையில் உள்ள மாட் என்னும் ஊரில் கிடைத்த கனிஷ்கரின் சிலை இங்கேதான் இருக்கிறது. நீண்ட அங்கி, கனத்த பாதரட்சை, கையில் வாள். தலை மட்டும் இல்லை. "தலை எங்கே போயிற்று?" என்று எங்கள் இளையவன் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை சொல்லி முடியவில்லை.

வெய்யில் தணிந்தபின் ஜன்மஸ்தானத்துக்குச் செல்லலாம். கைப்பேசி, புகைப்படக் கருவி ஆகியவற்றை வெளியே ஒப்படைக்க வேண்டும். சோதனை வரிசையில் நெடுநேரம் நிற்கவும் நேரும். நேரம் போதாதவர்கள் 1814-இல் எழுந்த துவாரகாதீசர் கோயிலைச் சேவித்துவிட்டு விச்ராம் கட்டத்தில் மாலை தீபாராதனையைக் காண்பதே போதுமானது. பேடா வாங்க மறவாதீர்கள். கோவாவைச் செந்நிறம் ஏறும்வரை வறுத்துச் செய்வதால் மதுரா பேடா சில நாட்கள் கெடாதிருக்கும், ஊருக்கும் அனுப்பலாம்.

என் தாயார் இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தார். முழங்கால் வலி கூடியிருந்தது. இம்முறை மாசி மாதத்துப் புதன்கிழமை. ஆக்ராவின் பெயரை வீட்டில் எவரும் எடுக்கவில்லை. ஒன்பது மணிக்குள் ஆண்டாள் சந்நிதியில் நின்றோம். அவர் கைகூப்பித் திருப்பாவையை முதலிலிருந்து மெல்லச் சொல்லத் தொடங்கினார். ஐந்தாம் பாட்டில் வடமதுரை வந்தபோது குரல் சற்றுத் தடுமாறியது. விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்த அர்ச்சகர் திரும்பிப் பார்த்தார். அடுத்த அடியை அவரே எடுத்துக்கொடுத்து உடன் சொல்லலானார். வடநாட்டு நாவில் நம் சொற்கள் வேறு ஓசை பெற்றிருந்தன. வெளியே வந்ததும், "ழகரம் வரவில்லை, ஆனால் ஒரு அடி விடவில்லையடா" என்றார் தாயார்.

அன்று இரவு வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். பிளாட்பாரத்தில் பேடாக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, காலையில் நிறுத்திய இடத்திலிருந்து அவர் தொடர்ந்தார். வண்டியின் விளக்கு தெரிந்தபோது இருபத்தொன்பதாம் பாட்டு நடந்துகொண்டிருந்தது.