கட்டுதலும் காத்தலும்

வன்னி நிலத்திலே குளம் கட்டியவருக்குப் புகழ் ஒரு முறை. காப்பவருக்கோ ஆண்டுதோறும் வேலை. முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளமாயினும் வவுனிக்குளமாயினும், அணை எழுப்பியதோடு காரியம் முடிவதில்லை. மாரி தொடங்குமுன் கட்டிலே முளைத்த மரஞ்செடிகளை அகற்ற வேண்டும். துருசு செவ்வனே திறந்து மூடுகின்றதா, வானில் அடைப்பு உண்டா எனப் பார்த்தல் வேண்டும். கவனியாது விட்ட கறையான் புற்றொன்றின் வழியே கசியும் நீர், காலபோகம் முழுவதையும் அழித்துவிடக் கூடும். கண்ணுக்குப் புலப்படாத கணினி உலகிலும் இந்நியதியே நிலவுகின்றது. அதற்கு நல்ல சான்று, வெப் அசெம்பிளி எனும் கட்டளைமொழியை இயக்கும் 'ரன்டைம்' என்ற இயக்கியாகும்.

இயக்கி என்பது யாது? கணினி செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்திக் கூறும் கட்டளைத் தொகுதியைச் செய்நிரல் என்பர். கணினியின் மூளையாகிய முறைவழியாக்கி தனக்கெனச் சொந்தமான மொழியொன்றையே அறியும். கைத்தொலைபேசியில் உள்ளது ஒரு மொழியையும், மேசைக் கணினியில் உள்ளது வேறொரு மொழியையும் அறிவதால், ஒன்றுக்கென ஆக்கிய செய்நிரல் மற்றொன்றில் ஓடாது. இவ்விடர் நீங்க வகுக்கப்பட்ட பொது மொழிகளுள் ஒன்றே வெப் அசெம்பிளி. 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட இது, 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் மொசில்லா, கூகிள், மைக்ரோசொப்ட், அப்பிள் ஆகிய நான்கு நிறுவனங்களின் உலாவிகளிலும் இடம்பெற்றது. வலைத் தரங்களை வகுக்கும் உலக அமைப்பு 2019 டிசெம்பரில் இதனை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

பொது மொழியில் அமைந்த கட்டளையை அந்தந்த முறைவழியாக்கியின் மொழிக்குப் பெயர்ப்பது இயக்கியின் முதற் கடமை. இரண்டாவது கடமை காவல். எங்கிருந்தோ வரும் செய்நிரல் நல்லதோ தீயதோ எனத் தெரியாது. ஆகவே இயக்கியானது அதற்கு நினைவகத்திலே ஒரு வயலை அளந்து கொடுத்து, சுற்றிலும் வரம்பு கட்டுகின்றது. அவ்வரம்புக்குள் செய்நிரல் எதையும் எழுதலாம், அழிக்கலாம்; அயல் வயலில் கால்வைக்க இயலாது. வங்கிக் கணக்கும் விளையாட்டும் ஒரே கருவியில் இருப்பினும், ஒன்றன் இரகசியத்தை மற்றொன்று காணாதிருப்பதற்கு இத்தகைய வரம்புகளே துணை.

உலாவிக்கு வெளியேயும் இம்மொழியைப் பயன்படுத்தும் பொருட்டு எழுந்த இயக்கிகளுள் வாஸ்ம்டைம் என்பது குறிப்பிடத்தக்கது. மொசில்லா, பாஸ்ட்லி, இன்டெல், றெட் ஹட் ஆகிய நிறுவனங்கள் 2019ஆம் ஆண்டில் தோற்றுவித்த பைட்கோட் அலையன்ஸ் என்னும் கூட்டமைப்பு இதனைப் பேணி வருகின்றது. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தமும் முன்மொழியலாம். முதலாம் பதிப்பு 2022 செப்டெம்பரில் வெளியாயிற்று.

அவ்வளவில் வேலை முடிந்ததா? இல்லை. 2023 மார்ச்சில் ஒரு வழு வெளிப்பட்டது. இவ்வியக்கியில் மொழிபெயர்க்கும் பகுதி, ஒரு வகை முறைவழியாக்கிக்கு நினைவக முகவரியைக் கணிக்கும்போது, 33 இலக்க இரும எண்ணில் அடங்க வேண்டியதை 35 இலக்கமாக வளரவிட்டது. கணக்கில் இரண்டு இலக்கம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இரும எண்ணில் இரண்டு இலக்கம் கூடினால் எல்லை நான்கு மடங்காகும். வரம்புக்கு அப்பாலிருந்த காவல் வெளியையும் தாண்டி, தீய செய்நிரலொன்று பிறருடைய நினைவகத்தைப் படிக்கவும் மாற்றவும் வழி திறந்துவிட்டது. பேணுவோர் அம்மாதத்திலேயே மூன்று பதிப்புகளுக்குத் திருத்தம் வெளியிட்டுத் துளையை அடைத்தனர்.

இத்தகைய வழுக்களைத் தேடுவதே பராமரிப்பின் பெரும்பகுதி. தாறுமாறான செய்நிரல்களை இயந்திரமே இரவு பகலாக ஆக்கி இயக்கியினுள் செலுத்தும். எங்கே இடறுகின்றது என மனிதர் ஆராய்வர். புதிய முறைவழியாக்கிகள் வருகின்றன. மொழியிலே புதிய கட்டளைகள் சேர்கின்றன. இவற்றுக்கு ஈடுகொடுக்க மாதந்தோறும் புதிய பதிப்பு வெளிவருகின்றது. மாதந்தோறும் மாற்ற இயலாதவர்க்கென, பன்னிரண்டில் ஒரு பதிப்புக்கு இரண்டாண்டு காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கும் ஏற்பாடும் உண்டு.

மேலே ஓடும் செய்நிரலின் ஆயுள் கீழே தாங்கும் இயக்கியைச் சார்ந்தது என்பதற்கு இலங்கையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையையும் நாட்டின் ஏனைய பல கரைகளையும் சூறையாடியது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இந்நாட்டுத் தொண்டர்கள் 'சகன' என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல் அது. 2010ஆம் ஆண்டில் எயிற்றி நிலநடுக்கத்தின்போதும் அம்மென்பொருள் உதவியது. தொடக்கத்தில் பிஎச்பி மொழியில் அமைந்த அது, பின்னர் பைதன் மொழியில் புதிதாக எழுதப்பட்டது. அந்தப் பைதனின் இரண்டாம் தலைமுறைக்கான ஆதரவு 2020 சனவரி முதலாந் திகதியுடன் நிறுத்தப்பட்டது. அதனை நம்பியிருந்த உலகத்துச் செய்நிரல்கள் யாவும் மூன்றாம் தலைமுறைக்கு மாற வேண்டியதாயிற்று. அடித்தளத்தைப் பேணுவோர் கைவிட்டால், மேலே நிற்கும் நற்பணியும் ஆட்டங்காணும்.

இதில் பொதுமக்களுக்கும் ஒரு பங்குண்டு. முல்லைத்தீவிலே ஒரு மாணவி பாடம் படிக்கத் திறக்கும் உலாவியினுள்ளும், கடற்றொழிலாளி காற்றின் போக்கை அறியத் திறக்கும் உலாவியினுள்ளும் ஓர் இயக்கி உறங்காது காவல் புரிகின்றது. அதனைப் புதுப்பிக்குமாறு கைத்தொலைபேசி கேட்கும்போது, இணையக் கட்டணத்தை எண்ணியோ சோம்பலாலோ பலர் தள்ளிப்போடுவர். எங்கோ ஒருவர் கண்டறிந்து அடைத்த துளை, அத்தொலைபேசியில் மட்டும் திறந்தபடியே கிடக்கும். திருத்தம் செய்வோர் உழைப்பு, அதனை ஏற்றுக்கொள்வோர் கையிலேதான் நிறைவு பெறுகின்றது.